பெடல் நின்றது, வண்டி நிற்கவில்லை

முப்பத்து மூன்று ஆண்டு அரசுப் பணியில் எனக்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்றே ஒன்றுதான். பிரேக் போடக் கற்றுக்கொண்டதற்காக வந்தது. அப்படியே எழுதினால் சிரிப்பார்கள் என்று எங்கள் அலுவலகம் நாகரிகமாக எழுதியிருந்தது: தலைமையிடத்தை விட்டு வெளியேற முன் அனுமதி பெறாமல், அடுத்தடுத்த இரு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்டை மாநிலத்துக்குச் சென்று, அங்கே தனியார் நடத்தும் வேகப் பயிற்சியில் தம் சொந்த மோட்டார் காருடன் கலந்துகொண்டு, அரசு ஊழியருக்குப் பொருந்தாத வகையில் நடந்துகொண்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு காற்புள்ளி தவறில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் நான் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். ஆண்டுக்கு ஒருமுறை பஸ்ஸும் லாரியும் தகுதிச் சான்றுக்காக என்னிடம் வரும். அதை எல்லோரும் எப்.சி. என்பார்கள். ஏரிக்கரை ஓரம் சமதளமாக ஒரு சாலை உண்டு. அங்கே இருபது மைல் வேகத்தில் ஓட்டி, பிரேக் போட்டு, எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்ப்போம். ஹாரன், விளக்கு, டயர். அதிகம் போனால் ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம். படிவத்தில் பதினேழு இடங்களில் சுருக்கொப்பம், கீழே முழுக் கையெழுத்து. பொறியியல் படித்தவன் என்பதால் படிவத்தை நான் மற்றவர்களைவிடத் திருத்தமாக நிரப்புவேன்.

அப்படி நான் கையெழுத்துப் போட்ட ஒரு பஸ், மூன்று வாரம் கழித்து, சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் நிற்காமல் ஓடியது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் தனியார் பஸ். அன்று கீழே சந்தை. சாலை நெடுக மாடும் கூடையும் ஆளுமாக இருந்திருக்கிறது. ஓட்டுநர் கூட்டத்துக்கு முன்பே பஸ்ஸை இடப்பக்கம் திருப்பி, சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏற்றி, அப்பால் இருந்த மண்கரையில் மோதி நிறுத்தினார். சந்தையில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குள் பலருக்குக் காயம். முன் இருக்கையில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று.

விபத்துக்குப் பின் வண்டியைச் சோதித்து அறிக்கை தருவதும் என் வேலை. மறுநாள் காலை போனேன். பஸ்ஸைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு இழுத்து வந்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். உறுதியாக இருந்தது. லாரியில் கட்டி இழுக்கச் சொல்லி மறுபடி மிதித்தேன். எல்லாச் சக்கரங்களும் அசையாமல் தேய்ந்துகொண்டு வந்தன. எண்ணெய்க் கசிவு இல்லை, குழாய் உடையவில்லை. “பிரேக் நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதினேன். பார்த்ததைத்தான் எழுதினேன். நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

ஓட்டுநர் நெற்றியில் கட்டோடு ஸ்டேஷன் படியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்கர். நிலமில்லாத குடும்பத்தில் முதல் முதலாக லைசென்ஸ் வாங்கியவர்.

“பிரேக் நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“நேத்து பிடிக்கலைங்க சார்.”

“பெடல் உள்ளே போயிருச்சா?”

“இல்லைங்க. பெடல் நின்னுச்சு. வண்டிதான் நிக்கல.”

பக்கத்தில் இருந்த ஏட்டையா விழுந்து விழுந்து சிரித்தார். “கேட்டீங்களா சார்? பெடல் நின்னுச்சாம், வண்டி நிக்கலையாம்! காலைல ஊத்துனது எறங்கலடா உனக்கு!”

“நான் குடிக்க மாட்டேங்க.”

“அப்ப வண்டி குடிச்சிச்சா?”

நானும் சிரித்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. பொய் சொல்கிறவன் பெடல் உள்ளே போய்விட்டது என்பான். அதுதான் எல்லோருக்கும் தெரிந்த பொய். இது யாரும் சொல்லாத பொய்யாக இருந்தது.

அவருடைய லைசென்ஸை ரத்து செய்வதா என்று எங்கள் மேலதிகாரி விசாரிப்பார். பிரேக் நன்றாக இருந்தது என்றால் மிச்சம் ஒரே குற்றவாளிதான். பஸ் முதலாளிக்கு என் எப்.சி. கவசம், என் அறிக்கை கேடயம். கவசத்தையும் கேடயத்தையும் செய்து கொடுத்தவன், யாரும் கேட்காமலே யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பெங்களூரில் மோட்டார் பந்தயப் பைத்தியங்கள் சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்று, அத்திப்பள்ளிக்கு அப்பால் யுத்தகாலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் வேக ஓட்டப் பயிற்சி நடத்துகிறது. சொந்த வண்டியோடு வர வேண்டும். மேலதிகாரி அதன் மேல் “கோப்பில் வைக்க” என்று எழுதியிருந்தார். படிக்க வேண்டாம் என்பதற்கு எங்கள் துறையில் அதுதான் சொல். பாடத்திட்டத்தில் நான்காவது வரி: சூடேறிய பிரேக்.

என்னிடம் ஒரு கறுப்புப் பியட் இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கார் என்றால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். சேலத்தில் டாக்டராக இருந்த மாமனாருக்குக் கண் மங்கியதும் எனக்குத் தந்தது. அசையும் சொத்து பெற முன் அனுமதி வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, எல்லாம் முறைப்படி. மேலே சாமான் கட்டும் கேரியர், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். அதில் ஏறி ஞாயிறு காலை எல்லை தாண்டினேன். ஓசூர்க்காரனுக்குப் பல் வலித்தாலும் பெங்களூர்தான். அதற்கெல்லாம் யாரும் தலைமையிட அனுமதி வாங்கியதில்லை. நானும் வாங்கவில்லை.

ஓடுதளத்தில் ஒன்பது கார்கள் நின்றன. எல்லாம் உறுமிக்கொண்டு, வயிறு தரையில் தட்டுகிறாற்போல் தாழ்த்தி, கதவில் எண் எழுதி. காபித் தோட்ட வாரிசுகள், மில் முதலாளி பிள்ளைகள். என் வண்டியைச் சுற்றி வந்து ஒருவன் கேரியரைத் தட்டிக் காட்டினான்.

“அங்கிள், லக்கேஜ் யாரு, ஆன்ட்டியா?”

விண்ணப்பத்தில் “வண்டியில் செய்த மாற்றங்கள்” என்ற இடத்தில் “இல்லை” என்று எழுதினேன். தொழில்: அரசுப் பணி. எந்தப் பணி என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவது என் வழக்கமில்லை.

ஓட்டுமுன் வண்டியைச் சோதிப்பார்கள். ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவர், காக்கி அரைக்கால் சட்டையோடு, பாயை விரித்து என் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் டிரம்மைத் திறந்து, உள்ளே உரசிப் பிடிக்கும் லைனிங்கை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையார், தண்ணீர்க் கூஜா, ஜாக்கி, குடை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம். அறுபது பேரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை நான் ஒரு தடவைகூடப் படுத்துப் பார்த்ததில்லை. காக்கிச் சட்டை அழுக்காகும். முதல் கோபம் அங்கே வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மேஜர். பெங்களூர் கண்டோன்மென்ட் தமிழர். எழுபது மைல் வேகத்தில் ஓடிக் குறி வைத்த கம்பத்துக்கு முன் நிறுத்து, திரும்பு, மறுபடி ஓடு. முதல் மூன்று முறை என் பியட் ஒழுங்காக நின்றது. நான்காவது முறை கம்பத்தைத் தொட்டு நின்றது. ஆறாவது முறை முழு பலத்தோடு மிதித்தேன். கால் கல்லின் மேல் நின்றதுபோல் இருந்தது. வண்டி, யாரோ வேறொருவர் ஓட்டுவதுபோல் சாவதானமாகக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு, ஓடுதளம் முடிந்து, ராகிக் காட்டுக்குள் போய் நின்றது.

பெடல் நின்றது. வண்டி நிற்கவில்லை.

மேஜர் நடந்து வந்தார். “இன்னா மேன், அறுவடைக்கு வந்தியா?”

டிரம்மிலிருந்து புகை வந்தது. கொம்பு கருகுகிற நாற்றம்.

“பிரேக் போயிருச்சு,” என்றேன்.

“எங்கியும் போகல. சூடு. லைனிங் வெந்துச்சுன்னா வழுக்கும். அரை மணி மரத்தடியில வுடு, நல்ல புள்ளையா நிக்கும்.”

“அரை மணியிலா?”

“பின்ன? நாளைக்குப் பாத்தா சத்தியமே பண்ணும், எனக்கு ஒண்ணுமே இல்லன்னு.”

அரை மணி கழித்து மிதித்தேன். உறுதியாக நின்றது. விபத்துக்கு மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அந்தப் பஸ் எப்படி நின்றதோ அப்படி. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“பிரேக் இன்ஸ்பெக்டரா நீ? இது தெரியாமயா இத்தினி நாளு கையெழுத்துப் போட்டுக்கினு இருந்த?”

அப்புறம் இறக்கத்தில் எப்படி இறங்க வேண்டும் என்று காட்டினார். கியரில் இறங்கினால் இன்ஜினே பாதி வேலையைச் செய்து வண்டியைப் பிடிக்கும், பிரேக் சூடாகாது. நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் லைனிங்குக்கு. ஓடும்போது மறுபடி கியர் போட இரண்டு முறை கிளட்ச் மிதித்து, இடையில் இன்ஜினை முடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நோட்டும் கடிகாரமுமாகப் போனேன். எத்தனை நிறுத்தத்துக்கு எத்தனை அடி கூடுகிறது, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது, எல்லாம் எழுதினேன். அங்கிள் பரீட்சைக்குப் படிக்கிறார் என்றார்கள் காபித் தோட்டத்துப் பிள்ளைகள்.

திங்கள் மாலை ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலியோரம் விறகு பிளந்துகொண்டிருந்தார். மனைவி வாசலில் நெல் புடைத்தாள்.

“இறக்கத்துல எந்தக் கியர்ல வந்தீங்க?”

கோடாலி நின்றது.

“நியூட்ரல்லயா?”

“எல்லாருந்தான் சார் நூட்ரல்ல இறக்குறோம். கியர்ல இறக்குனா டீசல் கூடச் செலவாவுது. மொதலாளி டாங்குல குச்சி விட்டுப் பாப்பாரு. கூடப் போச்சுன்னா மறுநாளு வண்டி குடுக்காம ஸ்பேர்ல ஒக்கார வச்சிருவாரு.” கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, “பிரேக்கு பிடிக்கலன்னதும் கியர் போடப் பாத்தேன். விழல.”

“இதை ஏன் ஸ்டேஷன்ல சொல்லலே?”

மனைவி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். “நூட்ரல்ல வந்தது குத்தம்னு இன்னொரு கேசு போடறதுக்கா? சொன்னா லைசென்ஸ வுட்டுருவீங்களா சார், நீங்க?”

இறக்கத்தில் நியூட்ரலில் போவது குற்றம்தான். விதியில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதை மீறாத பஸ் ஒன்றுகூடக் கிடையாது. நானும் அந்த பஸ்களில் போயிருக்கிறேன். இன்ஜின் சத்தம் அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும்போது, சுகமாகத் தூங்கியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஆயுதம் தாள். கூடுதல் அறிக்கை ஒன்று எழுதினேன். ஆறிய பிரேக்கைச் சோதித்து நான் எழுதியது, சூடான பிரேக் பிடித்தது என்பதற்குச் சான்றாகாது, அதே இறக்கத்தில் சோதனை ஓட்டம் நடத்த வேண்டும், எப்.சி. சோதனை முறையே போதாது. நியூட்ரலைப் பற்றி, முதலாளியின் கட்டாயத்தால் இந்தச் சாலையில் எல்லோரும் செய்வது என்று எழுதினேன். நான்காவது பத்தியில், இந்த விவரங்கள் எப்படித் தெரியவந்தன என்பதையும் எழுதினேன்: இடம், கிழமை, நேரம். ஆதாரம் இல்லாத கூற்றை அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு யாரோ சொல்லித் தந்திருந்தார்கள்.

அறிக்கை மேலே போயிருந்தபோது அதே முதலாளியின் இன்னொரு பஸ் எப்.சி.க்கு வந்தது. ஏரிக்கரைச் சமதளத்தில் இருபது மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மேலிருந்து பதில் வரும்வரை பழைய நடைமுறைதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ராகிக் காட்டுக்குள் போய் விழுந்தவன், இரண்டு வாரம்கூட ஆகாமல் இதைச் செய்தேன்.

விசாரணை கிருஷ்ணகிரி பயணியர் மாளிகையில். மேலதிகாரி நடுவில், தட்டச்சுக்காரர் ஓரத்தில். முதலாளி நாற்காலியில், ஓட்டுநர் நின்றபடி.

“விபத்துக்கு மறுநாள் பிரேக்கைப் பார்த்தீரா?” என்றார் மேலதிகாரி.

“பார்த்தேன் சார்.”

“வேலை செய்ததா?”

“செய்தது. ஆனால், சார்...”

“ஆம் என்று போடுய்யா,” என்றார் தட்டச்சுக்காரரிடம்.

“சார், என் கூடுதல் அறிக்கை...”

“பார்த்தேன். எங்கே கத்துக்கிட்டு வந்தீர் இதையெல்லாம்? ரேஸ் மைதானத்தில். யார் அனுமதித்தது?”

முதலாளி தொடையைத் தட்டினார். தெலுங்கு பேசும் குடும்பம். தமிழும் கன்னடமும் தண்ணீர்பட்ட பாடு. “ஏமி சார், நம்ம இன்ஸ்பெக்டரு ரேஸ் வுடறாரா? சொல்லியிருந்தா மாலை வாங்கி வந்திருப்பேனே!”

“ஒரே ஒரு தடவை மேலுமலை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம் சார். நீங்களும் வாங்க.”

“விபத்துச் சோதனையை இறக்கத்தில் செய்ய விதி இருக்கா? இருந்தா எண்ணைச் சொல்லும்.”

விதி இல்லை. எண் சொல்லி மேலிடத்திலும் மதிப்பு வாங்கியவன் நான். கையிலிருந்த நோட்டை மூடினேன்.

ஓட்டுநரிடம் கேட்டார். “நீ என்ன சொல்றே?”

“பெடல் நின்னுச்சுங்க. வண்டி நிக்கல.”

முதலாளி சிரித்தார். மேலதிகாரியும் சிரித்தார். தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் என் “ஆனால்” இல்லை. படித்துப் பார்த்து, தேதி இட்டு, கையெழுத்துப் போட்டேன். மறுக்கலாம், திருத்தம் கேட்கலாம், ஆட்சேபத்தோடு ஒப்பமிடலாம். மூன்றுக்கும் வழி உண்டு. மூன்றும் அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். கை தானாகப் போயிற்று.

லைசென்ஸ் ரத்தானது. எனக்குக் குறிப்பாணை வந்தது. ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையில் நான் எத்தனை மைல் குற்றம் செய்தேன் என்பதற்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். பிரேக்கைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்கவில்லை.

அதன் பிறகு முதலாளியின் மூன்றாவது பஸ் எப்.சி.க்கு வந்தது. பணியில் சேர்ந்த ஆண்டு துறைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு விதி உண்டு: தகுதிச் சான்றுக்கு வரும் வண்டியை, தேவையெனக் கருதும் எந்தச் சாலையிலும் ஆய்வாளர் ஓட்டிப் பார்க்கலாம். கோபம் தலைக்கேறியிருந்த அந்தக் காலையில்தான் அது நினைவுக்கு வந்தது. உரிமையாளர் உடனிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பயணிகள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றச் சொன்னேன். முதலாளியை முன் இருக்கையில், அந்த ஆசிரியர் உட்கார்ந்த இடத்தில், உட்கார வைத்தேன்.

“எங்க சார் போறோம்? ஏரிக்கரை அந்தப் பக்கம்.”

“உங்க டிரைவருங்க போற வழிக்கு. அவங்க இறக்குற மாதிரியே இறக்குறேன்.”

மேலுமலை உச்சியில் நியூட்ரலுக்குத் தள்ளினேன். பஸ் வழுக்கத் தொடங்கியது. மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். மூன்றாவது வளைவில் அந்த நாற்றம் வந்தது. நான்காவதில் கால் கல்லின் மேல் நின்றது.

“மெதுவா சார்.” பிறகு, “பிரேக் போடுங்க சார்!” பிறகு நிறுத்தச் சொல்லித் தாய்மொழியில், “ஆபண்டி! ஆபண்டி!”

“பாருங்க,” என்றேன், “பெடல் நின்னுடுச்சு. வண்டிதான் நிக்கல.”

அவர் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். மேஜர் சொன்னபடி இரண்டு முறை கிளட்ச், நடுவில் ஒரு முடுக்கு. முதல் தடவை பல் கடித்துக்கொண்டு கியர் விழவில்லை. அந்த ஒரு நொடியில் ஓட்டுநரின் முகம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. இரண்டாவது தடவை விழுந்தது. இன்ஜின் அலறிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. அடிவாரத்தில் முதலாளி இறங்கி மைல்கல்லில் உட்கார்ந்தார். எப்.சி. மறுப்பு என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் என்னைத் தெற்கே ஒரு கோடிக்கு மாற்றினார்கள்.

ஊரை விட்டுப் போகுமுன் ஓட்டுநரைத் தேடிப் போனேன். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலாளி கத்தியதைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அப்படி ஓட்டறதுக்கு யாருகிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாங்களா?”

“வேண்டாம். விதியிலேயே இருக்கு.”

“எப்ப இருந்து இருக்குது?”

“முதல்லேருந்தே.”

“நடுவுல மொதலாளியோட இன்னொரு வண்டிகூட எப்.சி.க்கு வந்துச்சே சார். விசாரணைக்கு முன்னாடி.”

ஆமாம் என்றேன். அவர் தலையில் சும்மாடு வைத்துக் குனிந்தார். இன்னொருவர் கூடையைத் தூக்கி வைத்தார். லைசென்ஸ் ரத்துக்கு எதிராக அவர் பெயரில் நான் எழுதிய மேல்முறையீட்டு மனு என் பையில் தயாராக இருந்தது. உத்தரவு வந்த முப்பது நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அன்று நாற்பத்தோராம் நாள். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் லாரியை நோக்கிப் போனார். நான் பையைத் திறக்கவில்லை.